தயிர் நூலாக இழுக்கிறது, கடைந்தால் வெண்ணெய் வரவில்லை: மோரில் எங்கே தப்பு?

கல்சட்டி:
நிறைகொழுப்புப் பாக்கெட் பால் ஒரு லிட்டர். காய்ச்சி, நன்றாக ஆறியபின் இரண்டு ஸ்பூன் பழைய தயிரால் உறை ஊற்றுகிறேன். காலையில் கெட்டியாகத்தான் இருக்கிறது, ஆனால் கரண்டியில் எடுத்தால் கொழகொழவென்று நூல் இழுக்கிறது. மத்தால் அரைமணி கடைந்தாலும் நுரைதான், வெண்ணெய் பொட்டுகூட இல்லை. உப்புப் போட்டு வைத்த மோர் மதியத்துக்குள் மேலே நீராகவும் அடியில் மண்டியாகவும் பிரிந்துவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உறிப்பானை:
மூன்றும் வேறு வேறு கோளாறு. முதலில் நூல்.

பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களில் சில வகை, சர்க்கரைப் பசை ஒன்றையும் சேர்த்தே சுரக்கும். பால் ரொம்ப ஆறிப்போய், மெதுவாக உறையும்போது இவற்றுக்குக் கொண்டாட்டம். அந்தத் தயிரையே மறுநாளும் உறைக்கு எடுத்தால் கொழகொழப்பு ஏறிக்கொண்டே போகும். அதனால் இருக்கிற உறைமோரைக் கொட்டிவிடுங்கள், அதைச் சரிப்படுத்த முயல வேண்டாம். பாத்திரம், கரண்டி எல்லாவற்றிலும் கொதிநீர் ஊற்றிக் கழுவி, நல்ல தயிர் உறைகிற வேறு வீட்டிலிருந்து புது உறை வாங்குங்கள். மண்பானையில் தோய்ப்பதாக இருந்தால் அந்தப் பானையை மாற்றுவது உத்தமம். அதன் துளைகளில் பழசு தங்கியிருக்கும்.

அடுத்தது சூடு. பால் பொங்கியபின் சிறுதீயில் ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். 40 டிகிரி செல்சியஸுக்கு ஆறியதும் உறை ஊற்றுங்கள். தெர்மாமீட்டர் இல்லையென்றால் சுண்டுவிரலை விட்டுப் பாருங்கள்: சூடு தெரியவேண்டும், ஆனால் பத்து எண்ணும்வரை விரலை எடுக்கத் தோன்றக்கூடாது. 50க்கு மேல் ஊற்றினால் உறை வெந்துவிடும், தயிர் திரிந்தாற்போல நீர் விடும். சித்திரையில் லிட்டருக்கு அரை டீஸ்பூன் போதும், ஐந்தாறு மணி நேரத்தில் உறையும். மார்கழியில் ஒரு மேசைக்கரண்டி விட்டு, துணி சுற்றி வையுங்கள். உறைந்ததும் வெளியில் விடாமல் ஃப்ரிட்ஜுக்கு மாற்றிவிட வேண்டும்.

வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்பில் தோய்க்கவே கூடாது. புளிப்புக்குக் களிம்பு ஏறும்.

மத்துக்கயிறு:
வெண்ணெய் விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டில் ‘ஹோமோஜினைஸ்டு’ (கொழுப்பைப் பொடித்துளிகளாக உடைத்த பால்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பால் காய்ந்து ஆறியபின் மேலே படியும் ஆடையை இரு விரலால் தேய்த்தும் பார்க்கலாம். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் கடையலாம். காகிதம்போல மெல்லிசாகக் கிழிந்து, விரல் வறண்டே இருந்தால் எத்தனை மணி கடைந்தாலும் வீண்.

கல்சட்டி:
பார்த்துவிட்டேன், ‘ஹோமோஜினைஸ்டு’தான் போட்டிருக்கிறது. ஆடையும் மெல்லிசுதான். ஆனால் கொழுப்பு 6 சதவீதம் என்றிருக்கிறதே, அது எங்கே போகும்?

மத்துக்கயிறு:
எங்கேயும் போகவில்லை, மோரிலேயே இருக்கிறது. கறந்த பாலில் கொழுப்புத் துளிகள் சராசரியாக மூன்று நான்கு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இருக்கும். அவற்றை மிகுந்த அழுத்தத்தில் நுண்துளை வழியாகச் செலுத்தி ஒரு மைக்ரானை ஒட்டிய அளவுக்கு உடைத்துவிடுகிறார்கள். உடைந்த ஒவ்வொரு துளியையும் பால் புரதம் போர்த்திக்கொள்ளும். ஒன்றோடொன்று மோதினாலும் ஒட்டாது. அந்தப் பாலைக் குடிக்க, தோய்க்க வைத்துக்கொள்ளுங்கள். கடைவதற்குக் கறந்த பாலோ, அந்த வார்த்தை அச்சிடாத பாக்கெட்டோ தேவை. 4.5 சதவீதக் கொழுப்புள்ள பால் ஒரு லிட்டரில் 45 கிராம் கொழுப்பு. கொஞ்சம் மோரில் தங்கும், வெண்ணெயில் நீரும் சேரும், ஆகக் கூட்டிக்கழித்து எடையும் அதை ஒட்டியே வரும்.

கடையும்போது தயிர் 18 முதல் 20 டிகிரிக்குள் இருக்கட்டும். வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, அந்தச் சூட்டுக்கு வந்ததும் ஆரம்பிக்கலாம். லிட்டர் தயிருக்கு 200 மில்லி குளிர்ந்த நீர். முதலில் நுரை எழும்பி மத்து கனக்கும். பிறகு நுரை சடாரென்று அமுங்கி, சளசளவென்று சத்தம் மாறும், மத்தில் கடுகளவு மஞ்சள் மணிகள் ஒட்டும். அங்கேயே வேகத்தைக் குறைத்து, ஐஸ் தண்ணீர் ஒரு டம்ளர் விட்டு, மெல்லச் சுழற்றினால் மணிகள் திரண்டு மிதக்கும். அதற்குமேல் கடைந்தால் வெண்ணெய் இளகி மோரையே உறிஞ்சிக்கொள்ளும். தயிர் சூடாக இருந்தாலும் இதே கதி: பிசுபிசுப்பான வெண்ணெய், எண்ணெய் மிதக்கும் மோர். மார்கழிக் குளிரில் நேர்மாறு, நுரை உடையவே உடையாது. அப்போது வெதுவெதுப்பான நீர் அரை டம்ளர் விடுவார்கள்.

ஆடையைச் சேர்த்துவைத்துக் கடைபவர்கள் அதை வெறுமனே வைக்காமல், ஒரு கரண்டி தயிரில் போட்டு ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டும். ஐந்தாறு நாளைத் தாண்டினால் கசப்பு தட்டும்.

நாரத்தை:
மிக்ஸியிலும் செய்யலாம், யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பாதி ஜாருக்கு மேல் நிரப்பாமல், ஐஸ் துண்டு போட்டு, விட்டுவிட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் பிளேடின் சூட்டில் வெண்ணெய் உருகிவிடும்.

மோர் பிரிவது கெட்டுப்போன அறிகுறி அல்ல. புளிப்பு ஏற ஏறப் புரதம் திரண்டு அடியில் இறங்கும். நீர் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் படியும், அதனால் நீர்மோரை முன்கூட்டியே கரைத்து வைக்காதீர்கள். கடைந்த மோரை நீர் சேர்க்காமல் ஃப்ரிட்ஜில் வைத்து, வேண்டியபோது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டால் போதும். வெறும் தயிரைக் கரைப்பதென்றால் மூன்று பங்கு. கலக்கிய மோர் ஒரு லிட்டருக்கு உப்பு ஒரு டீஸ்பூன், அதுவும் குடிக்கும்போது. இஞ்சி, கறிவேப்பிலை, நாரத்தை இலையை நசுக்கித்தான் போடவேண்டும். இலையை மையாக அரைத்தால் மோர் கசக்கும்.

மோரில் கொப்புளம் விடுவது, கள் வாடை, மேலே இளஞ்சிவப்பு அல்லது கறுப்புப் புள்ளி, இவற்றில் எது தெரிந்தாலும் கொட்டிவிடுங்கள். அதிலிருந்து உறைக்கும் எடுக்காதீர்கள்.