பிணக்குத் தீர்வில் ஆன்லைன் முதுகலை: சேருமுன் எதைப் பார்க்க வேண்டும்?

கோவை_எச்ஆர்:
வணக்கம். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு ஒரு பம்ப் தொழிற்சாலையில் எச்.ஆர். பிரிவில் இருக்கிறேன். வேலையை விடாமல் பிணக்குத் தீர்வில் ஆன்லைனில் முதுகலை படிக்க எண்ணம். வாரத்துக்கு 12 மணி நேரம் ஒதுக்கலாம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் நல்லதா, இங்கேயே போதுமா? பட்டம் இருந்தால் நீதிமன்றச் சமரச மையத்தில் மீடியேட்டராக (சமரசராக) உட்கார முடியுமா? ரோல் ப்ளே (ஆளுக்கொரு தரப்பாக நடித்துப் பழகுவது) போன்ற பயிற்சிகள் திரையில் உருப்படியாக நடக்குமா?

சமரசப்_பயிற்றுநர்:
இரண்டாவது கேள்வியில் இருந்து வருகிறேன். பலர் பணம் கட்டிய பிறகுதான் இதைக் கேட்கிறார்கள். முடியாது மேடம். பட்டம் வேறு, மீடியேட்டர் பயிற்சி வேறு. நம் நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்த சமரசத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் சமரசக் குழு வகுத்த 40 மணி நேரப் பயிற்சிதான் அடிப்படை. அதன் பிறகு உண்மையான வழக்குகளில் உட்கார்ந்து பழக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லேயே சமரச மையம் வந்துவிட்டது. மீடியேட்டர் பட்டியலில் யாரைச் சேர்ப்பது என்பதை அந்தந்த மையம்தான் முடிவு செய்யும். வெளிநாட்டு எம்.எஸ். இருக்கிறது என்பதற்காக யாரும் உள்ளே விட மாட்டார்கள்.

ஆனால் 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டப்படி, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் தாங்கள் நம்புகிற ஒருவரைச் சமரசராக வைத்துக்கொள்ளலாம். நிறுவனத்துக்குள் வரும் தகராறுகளுக்கு உங்களைத் தேடி வருவதற்குக் காரணம் உங்கள் திறமையாகத்தான் இருக்கும், சான்றிதழாக இருக்காது.

அதனால் முதலில் 40 மணி நேரப் பயிற்சியை முடியுங்கள். சமரசப் பேச்சில் உட்கார்ந்து பார்த்தவருக்கு முதுகலைப் பாடம் வேறு விதமாகப் புரியும். மோதல் எப்படிப் படிப்படியாக முற்றுகிறது என்று ஆஸ்திரிய ஆய்வாளர் கிளாசல் ஒன்பது நிலைகளாகப் பிரித்தார். அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யலாம்தான். ஆனால் எந்த நிலையில் மூன்றாம் ஆள் பேச்சு எடுபடும், எந்த நிலைக்கு மேல் அதிகாரம் உள்ளவர் தலையிட்டே ஆக வேண்டும் என்பது எதிரில் ஆள் இருக்கும்போதுதான் பிடிபடும்.

கிரெடிட்_கணக்கு:
உங்கள் 12 மணி நேரத்துக்கு எது ஒத்துவரும் என்று பார்ப்போம். அமெரிக்க முதுகலை பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட் வரை இருக்கும். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பு, இரண்டு மணி சொந்தப் படிப்பு என்பது அங்குள்ள வழக்கமான கணக்கு. 15 வார செமஸ்டரில் மூன்று கிரெடிட் பாடம் என்றால் வாரம் ஒன்பது மணி. ஒரு பாடம் மட்டும் எடுத்தால் தாங்கும். ஆனால் ஆன்லைன் திட்டங்கள் பலவும் அதே பாடத்தை ஏழெட்டு வாரத்தில் முடிக்கின்றன. அப்போது வாரம் 18 மணி ஆகிவிடும். பாதியில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். செமஸ்டர் எத்தனை வாரம் என்பதைச் சேருமுன் கேளுங்கள்.

அடுத்தது நேரலை வகுப்பு. நியூயார்க்கில் மாலை ஆறு மணி என்றால் நமக்குக் கோடையில் அதிகாலை 3:30, குளிர்காலத்தில் 4:30. லண்டன் மாலை ஆறு என்றால் இரவு 10:30 அல்லது 11:30. வகுப்பைப் பதிவு செய்து தருகிறார்கள் என்பதை நம்பிச் சேராதீர்கள். விரிவுரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பேச்சுவார்த்தைப் பயிற்சியை அப்படிச் செய்ய முடியாது.

இங்கே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) காந்தி மற்றும் அமைதிக் கல்வி எம்.ஏ. தொலைநிலையில் இருக்கிறது. அங்கே ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. நான்கு கிரெடிட் தாளுக்கு 120 மணி, அதாவது உங்கள் வேகத்தில் பத்து வாரம். செலவு மிகக் குறைவு, கோட்பாடு நன்றாக இருக்கும். நார்வே அமைதி ஆய்வாளர் கால்டுங் சொன்ன எதிர்மறை அமைதி (நேரடி வன்முறை இல்லாத நிலை), நேர்மறை அமைதியில் (சமூக அமைப்பில் அநீதியும் இல்லாத நிலை) இருந்து சத்தியாகிரகம் வரை படிக்கலாம். கைப்பயிற்சியை மட்டும் நீங்கள்தான் வெளியே தேடிக்கொள்ள வேண்டும்.

எந்த இந்தியப் பல்கலைக்கழகமானாலும், நீங்கள் சேரும் பருவத்துக்கு அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது, பாடத்தின் பெயரும் இருக்க வேண்டும். அந்தப் பிரிவின் தளத்தில் மாணவர் எடுக்க வேண்டிய அடையாள எண்ணான டி.இ.பி. ஐடி இல்லாமல் சேர்க்கை செல்லாது. ஆன்லைன் எல்.எல்.எம். என்று யாராவது விற்றால் கிட்டவே போகாதீர்கள். தொலைநிலையில் நடத்தக் கூடாத படிப்புகளில் சட்டமும் ஒன்று.

திரைவழி_சமரசம்:
மூன்றாவது கேள்விக்கு: நடக்கும், நடத்துகிறவர் ஒழுங்காக நடத்தினால். விசாரிக்கும்போது இதைக் கேளுங்கள்: ஒரு பாடத்தில் நான் எத்தனை முறை மீடியேட்டராக உட்காருவேன், ஒவ்வொரு முறையும் யார் பார்த்துக் குறை சொல்வார்கள்? "விவாதப் பலகையில் கலந்துரையாடல்" என்று பதில் வந்தால் அங்கே பயிற்சி இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல அமைப்பு என்றால் நான்கு பேர் குழு: இரண்டு தரப்பு, ஒரு மீடியேட்டர், ஒரு பார்வையாளர். 45 நிமிடம் பேச்சு, குறைந்தது 20 நிமிடம் அலசல். ஒவ்வொரு தரப்புக்கும் ரகசியக் குறிப்பு தனியாகப் போக வேண்டும். பொது ஃபோல்டரில் போட்டுவிட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள், பிறகு கண்டுபிடிக்க எதுவும் மிஞ்சாது.

ஒரு உதாரணம். ஆபரேட்டர் ஒருவர் "இனி நைட் ஷிப்ட் வர மாட்டேன்" என்கிறார், சூப்பர்வைசர் "எல்லாருக்கும் ஒரே விதி" என்கிறார். ஆபரேட்டரின் ரகசியக் குறிப்பில் மட்டும் இருக்கிறது: அம்மாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் காலையில் டயாலிசிஸ், அதை ஷாப் ஃப்ளோரில் யாருக்கும் சொல்ல விரும்பவில்லை. தனிச் சந்திப்புக்கான பிரேக்அவுட் ரூமில் மீடியேட்டரிடம் இதைச் சொல்கிறார். பொது அறைக்குத் திரும்பியதும் புதியவர் கேட்கிற முதல் கேள்வி, "செவ்வாய், வெள்ளி மட்டும் மாற்றிக்கொடுத்தால் ஒத்துக்கொள்வீர்களா?" என்பதுதான். கேள்வி கனிவாகத்தான் இருக்கிறது, ஆனால் ரகசியம் போய்விட்டது. தனி அறையை விட்டு வருமுன் "இதில் எதை அங்கே சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். இதைத் திருத்த ஆசிரியர் அந்த அறையில் இருந்தால்தான் முடியும்.

திரைக்கே உரிய சிக்கல்களும் உண்டு. தனி அறையில் ஒரு தரப்போடு 25 நிமிடம் பேசினால், காத்திருக்கும் தரப்பு மெயில் பார்க்கப் போய்விடும், சந்தேகமும் வளரும். பத்து நிமிடம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், கூடுதலாகத் தேவைப்பட்டால் வந்து சொல்லிவிட்டுத் திரும்புங்கள். குறிப்பெல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். திரையைப் பகிரும்போது ஒரு தரப்பின் குறிப்பு மறு தரப்புக்குத் தெரிந்துவிட்டால் அதை எதாலும் சரிசெய்ய முடியாது. கேமரா கட்டாயம் இல்லாத வகுப்பு இந்தப் பாடத்துக்கு உதவாது.

கோவை_எச்ஆர்:
மிக்க நன்றி. முதலில் 40 மணி நேரப் பயிற்சி, அதன் பிறகு பட்டம் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு துணைக் கேள்வி: படிப்பில் களப்பணிக்காக அலுவலகப் புகார்களை எடுத்துக்கொள்ளலாமா?

சமரசப்_பயிற்றுநர்:
ஷிப்ட், இடமாற்றம், இரண்டு துறைகளுக்கு இடையிலான உரசல் போன்றவற்றை எடுக்கலாம். இரு தரப்பின் எழுத்துச் சம்மதம் வேண்டும், பெயரும் துறையும் மாற்றப்பட வேண்டும். சம்மதம் கேட்பவர் எச்.ஆர். என்பதால் மறுக்கப் பயப்படுவார்கள், அதனால் உங்கள் அதிகாரத்துக்கு வெளியே உள்ள யூனிட்டில் இருந்து எடுப்பது நல்லது.

பாலியல் தொல்லைப் புகாரைத் தொடவே கூடாது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவில் சமரசத்துக்கு இடம் இருக்கிறதுதான். ஆனால் அதை விசாரணை தொடங்குமுன் புகார் தந்த பெண்ணே கேட்க வேண்டும். நடத்த வேண்டியது உள்ளகக் குழு (இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள் அமைக்கும் குழு), பணம் கொடுத்து முடிப்பதை அடிப்படையாக வைக்கவும் கூடாது. "பேசித் தீர்த்துக்கலாமே" என்று எச்.ஆர். பக்கமிருந்து ஒரு வார்த்தை வந்தாலே அந்தப் பெண்ணுக்கு அது அழுத்தம்தான்.