முழு வேகத்தில் இழுவை விழுகிறது: ஹோஸ் மாற்றவேணுமா?

சல்லிக்கரை:
40 எச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்ட் (போட்டுக்குப் பின்னால பூட்டுற எஞ்சின்), மண்ணெண்ணெய். மெதுவா ஓடினா பிழையில்லை. முழு வேகத்தில ரெண்டு நிமிசத்தில சோருது, ஹோஸில இருக்கிற ரப்பர் கைப்பம்ப் பல்பை அமுக்கினா திரும்ப எழும்புது. டாங்கியில இருந்து எஞ்சினுக்கு எண்ணெய் போற ஹோஸில ஒரு சொட்டும் ஒழுகேல்லை. என்ன பாக்கலாம்?

கொட்பே மெக்கானிக்:
முதல்ல டாங்கி மூடியில காத்துத் திருகைத் திறந்து ஓடிப் பாருங்கோ. பாதிப் பேருக்கு அதோட முடிஞ்சிடும்.

ஒழுகாதது ஹோஸ் நல்லதுக்கு அடையாளமில்லை. பம்ப் உறிஞ்சேக்க வெடிப்பால எண்ணெய் வெளிய வராது, காத்துத்தான் உள்ள போகும். ஒயில் எரிபொருளோட கலந்து வாற எஞ்சின் எண்டா அதுவும் குறையும், பிஸ்டன் பிடிக்கும். எஞ்சின் பக்கம் ஒரு சாண் கண்ணாடி மாதிரி உள்ள தெரியிற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமா இணைச்சால் குமிழி தெரியும்.

மாத்தேக்க பழைய ஹோஸை இழுக்காதேங்கோ, அது ஏறியிருக்கிற முனை உடையும். நீளவாக்கில கீறி உரியுங்கோ, கத்தி முனையைக் கீறாமல். புது ஹோஸ் எரிபொருளுக்கு எண்டு அச்சடிச்சதா, அதே உள்விட்டத்தில இருக்கவேணும். தண்ணிக் குழாய் மண்ணெண்ணெயில ஊதிடும். நுனியை நேரா வெட்டி, சுடுதண்ணியில நனைச்சு ஏத்துங்கோ. சிலிக்கோன் பூசவே வேண்டாம், துண்டு போய் காபரேற்றரில எண்ணெய் வாற சின்ன ஓட்டையை (ஜெற்றை) அடைக்கும்.

நிலாவெளி போட்:
பல்பின்ர அம்புக்குறி எஞ்சினைப் பாக்கவேணும். கிளிப் எவர்சில்வரா வாங்குங்கோ, திருகும் சேர்த்து. உப்புக் காத்துக்குத் திருகுதான் முதல்ல துருப்பிடிக்கிறது. கடைசியில பல்பைக் கல்லா இறுகும்வரை அமுக்கி விட்டுப் பாருங்கோ. இளகினா மூட்டுகளைத் துடைச்சு ஈரம் தேடுங்கோ. ஈரமே இல்லாட்டி பல்பின்ர வால்வா இருக்கலாம்.

சல்லிக்கரை:
மூடித் திருகு திறந்துதான் இருக்கு. கண்ணாடிக் குழாயில குமிழி ஓடுது. நன்றி அண்ணை, ஹோஸும் பல்பும் சேர்த்தே மாத்துறன்.