புதுப்பிப்பு: செர், எஸ்தார் – நான் சொன்ன விதி தப்பு

ஸ்பானிஷில் 'இரு' என்பதற்கு உள்ள இரண்டு வினைகளைப் பற்றி இந்த இழையில் எழுதியபோது, 'நிலையானதற்கு செர், தற்காலிகத்துக்கு எஸ்தார்' என்று ஒரே வரியில் முடித்திருந்தேன். கீழே ஒருவர் கேட்டார்: செத்துப்போனவரை ஏன் எஸ்தார் போட்டு 'எஸ்தா முவேர்த்தோ' என்கிறார்கள், சாவு தற்காலிகமா? சரியான அடி. மணி மூன்று என்பதற்கு 'சொன் லாஸ் த்ரேஸ்', அதாவது செர். அது ஒரு நிமிடம்கூட நிற்காது!

ஆக, இப்படி மாற்றிக்கொள்கிறேன்: யார், என்ன என்று அடையாளம் சொன்னால் செர், எந்த நிலையில், எங்கே என்றால் எஸ்தார். இடத்தில் மட்டும் ஒரு விலக்கு. புத்தகம் வீட்டில் இருந்தால் 'எஸ்தா'. விருந்து வீட்டில் நடந்தால் 'லா ஃபியெஸ்தா எஸ் என் மி காசா'. நிகழ்ச்சி என்றால் செர்தான்.

'லிஸ்தோ' என்ற சொல் எஸ்தாரோடு வந்தால் தயார், செரோடு வந்தால் கெட்டிக்காரர். அப்புறம் 'அபுர்ரீதோ'. மானம் போவது இதில்தான். 'எஸ்தோய் அபுர்ரீதோ' என்றால் எனக்குப் போரடிக்கிறது. செர் போட்டு 'சோய் அபுர்ரீதோ' என்றால் நான் ஓர் அறுவை. ஆன்லைன் வகுப்பில் நான் சொன்னது இரண்டாவது. ஆசிரியை மறுக்கவில்லை.