தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கணவருக்கு விபத்து: வக்கீல் பிடிப்பது எப்படி?

புதிதாக வந்தவள்: இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது. என் கணவர் ரோட்டில் அடிபட்டுவிட்டார். வலது கையில் மாவுக்கட்டு, இடுப்பிலும் அடி. நேற்று வார்டுக்குள்ளேயே ஒருவர் ஃபைலோடு வந்து, "கையெழுத்துப் போடுங்க, பெரிய தொகை வாங்கித் தர்றேன்" என்றார். கை அசையாது என்றதும் அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மைப்பெட்டியில் அழுத்தினார். நான் விலக்கிவிட்டேன். நாளை திரும்ப வருவாராம். நல்ல வக்கீல் இருந்தால் சொல்லுங்கள். ஃபீஸ் கட்டக் காசு இல்லை.

சாட்ஸ்வர்த்காரன்: தைரியமாக இரு தங்கச்சி. முதலில் மெடிக்கல் எய்டில், அதாவது மருத்துவக் காப்பீட்டில், சேர்ந்துவிடு. நான் வந்த புதிதில் அது இல்லாமல் பட்ட பாடு! பேங்க் கணக்கு கிடையாது, வாடகைக்கு வீடு தர ஆள் கிடையாது. மூன்று மாதம் ஒரு கராஜில் பாய் விரித்துப் படுத்தேன்.

பெரியப்பா: வக்கீலே தேவையில்லை அம்மா. ரோடு ஆக்சிடென்ட் ஃபண்டில் நாமே நேரடியாக மனுக் கொடுக்கலாம். ரோட்டில் அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு தரும் அரசு நிதி, பெட்ரோலில் நாம் கட்டும் வரியில் நடப்பதுதான் அது. அந்த ஃபண்ட் பொறுப்பேற்கும் காயத்துக்கு, மோதினவர் மேல் தனியாக வழக்குப் போட 2008 ஆகஸ்டிலிருந்து வழியில்லை.

வெருலம் தம்பி: நேரடியாகப் போனவன் நான். எந்த டாக்டரிடம் எந்த ஃபாரம் வாங்குவது என்றே தெரியாமல் திணறி, கடைசியில் வக்கீலிடம்தான் போனேன். மூன்று வருஷம் டைம் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

சாட்ஸ்வர்த்காரன்: எல்லாம் இந்த டாக்ஸிகளால் வருவது. ரோபோட் (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பெயர்) சிவப்பில் இருக்கும்போதே பாய்கிறார்கள். ஊராக இருந்தால் இந்நேரம் பத்துப் பேர் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருப்பார்கள். இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்?

பீனிக்ஸ் அக்கா: நாம் இருக்கிறோமே. அந்தப் பெண்ணைப் பேச விடுங்கள். கண்ணு, என்றைக்கு நடந்தது? வேலை நேரமா? மோதிய வண்டியின் நம்பர் தெரியுமா?

புதிதாக வந்தவள்: போன வியாழன், அக்கா. கேட்டரிங் வேலைக்காகச் சாமான் இறக்கிக்கொண்டிருந்தார். வண்டி நிற்காமல் போய்விட்டது. நம்பர் தெரியாது. போலீஸில் இன்னும் சொல்லவில்லை.

பீனிக்ஸ் அக்கா: இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டி என்றால் மூன்று வருஷம் இல்லை, இரண்டே வருஷம். இன்றே ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்து, கேஸ் நம்பர் இல்லாமல் திரும்பாதே. பார்த்த ஆள் யாராவது இருந்தால் போன் நம்பர் வாங்கி வை. வேலையில் அடிபட்டதால், அப்படி அடிபட்டவர்களுக்கு ஈடு தரும் காம்பென்சேஷன் ஃபண்டிலும் கேட்கலாம். முதலாளி ஏழு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், அதனால் இன்றே அவருக்கு எழுத்தில் அனுப்பு. அதற்காக முதலாளி மேல் வழக்குப் போட முடியாது. அங்கே வருவதை ரோடு ஃபண்ட் கழித்துக்கொள்ளும். வலி, வேதனைக்கான தொகை, காயம் கடுமையானது என்று டாக்டர் ஃபாரத்தில் எழுதினால்தான் கிடைக்கும். ஆஸ்பத்திரிக் காகிதம் ஒன்றையும் தூக்கிப் போடாதே.

புதிதாக வந்தவள்: நாளை அந்த ஆள் வந்தால்?

பீனிக்ஸ் அக்கா: ரேகை வைக்காதே. வார்டில் வந்து ஆள் பிடிப்பது வக்கீல் தொழிலில் தடை செய்யப்பட்டது. சிஸ்டரைக் கூப்பிடு. எந்த வக்கீலிடம் போனாலும், வக்கீல்களைப் பதிவு செய்யும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலில் பதிவான பெயர்தானா என்று விசாரித்துவிட்டுப் போ. கட்சிக்காரர் பணத்தைக் கையாள வக்கீலுக்கு வேண்டிய ஃபிடிலிட்டி ஃபண்ட் சான்றிதழையும் காட்டச் சொல். "ஜெயித்தால்தான் ஃபீஸ்" என்று ஒப்பந்தம் போடலாம், முன்பணம் கேட்காத வக்கீல்கள் உண்டு. ஃபீஸ் வழக்கமானதில் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது, வரும் தொகையில் 25 சதவீதத்தையும் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான்.

பெரியப்பா: எங்களிடம் நேராக 25 என்றுதான் எடுத்தார்கள்.

பீனிக்ஸ் அக்கா: அப்படி எடுத்துவிடுவார்கள் பெரியப்பா, நாம் கணக்குக் கேட்காமல் விட்டால். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், நகலைக் கையோடு வாங்கு. போட்ட பிறகு மனசு சரிப்படவில்லை என்றால் 14 நாளுக்குள் எழுதிக் கொடுத்து விலகலாம். நாளை எத்தனை மணிக்கு வருகிறாராம்? நானும் வார்டுக்கு வருகிறேன், அதற்குள் நீ ஸ்டேஷனுக்குப் போய் வந்துவிடு.