அமெரிக்கச் சின்னக் கொலிஜ் ஒன்றின் "இந்த வருடச் சாதனைகள்": இதை எப்படி வாசிப்பது?

உப்புவெளியான்:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசித்துப் பதில் சொல்லுங்கள்.

என் தங்கச்சிக்கு அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், ஒரு சின்ன லிபரல் ஆர்ட்ஸ் கொலிஜில் இடம் கிடைத்திருக்கிறது. செலவில் பெரும்பகுதியைப் புலமைப்பரிசிலாக அவர்களே தருகிறார்கள். மிச்சத்தை நாங்கள் பார்க்க வேண்டும். மே 1 க்குள் வருகிறோமா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். அவள் உயர்தரத்தில் உயிரியல் படித்தவள். மருத்துவத்துக்கு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளி காணாது. இரண்டாம் முறை எடுப்பதா என்று வீட்டில் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அவளே தேடி, அவளே கட்டுரை எழுதி விண்ணப்பித்திருக்கிறாள். கடிதம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

அப்பாவுக்கு முதல் சிக்கல் பெயரிலேயே வந்துவிட்டது. எங்கள் ஊரில் கல்லூரி என்றால் பள்ளிக்கூடம்தானே. இந்துக் கல்லூரி, சென் ஜோசப், சண்முகா எல்லாம் கல்லூரிதான். "பள்ளிக்கூடம் முடிச்ச பிள்ளை ஏன் திரும்பக் கல்லூரிக்குப் போகவேணும், கம்பஸ் கிடைக்காதா?" என்று கேட்கிறார். அம்மாவுக்கு 'ஆர்ட்ஸ்' என்ற சொல் பிடிக்கவில்லை. பயோ படித்த பிள்ளையைக் கலைப்பிரிவுக்கு அனுப்புவதா என்று கவலை.

போன கிழமை அந்தக் கொலிஜில் இருந்து மின்னஞ்சலில் அவர்களுடைய வருடச் சாதனைகள் வந்தன. பதினொரு பக்கம். கடையில் அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அப்பா முப்பது வருடமாக மீன் வாடியில் கணக்கு எழுதுகிறவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையோடு, கணக்குக் கொப்பி பார்க்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்து தமிழில் சொன்னேன். பட்டம் முடித்த சிலருக்கு ஃபுல்பிரைட். ஒருவருக்கு வொட்சன். ஒருவருக்கு கோல்ட்வோட்டர். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரின் புத்தகத்துக்குப் பரிசு. பாடகர் குழு வெளிநாடு போய்வந்திருக்கிறது. பெண்கள் நீச்சல் அணி வென்றிருக்கிறது. புதுக் கட்டடத்துக்கு யாரோ பழைய மாணவர் காசு கொடுத்திருக்கிறார். உயிரியல் பேராசிரியர் ஒருவரும் இரண்டு மாணவிகளும் ஆற்றில் உள்ள மட்டிகளை, அதாவது ஒரு வகைச் சிப்பிகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

மட்டி என்றதும் அப்பா பேனையை வைத்துவிட்டார். "மட்டி எண்ணுறதுக்கு அமெரிக்கா போகவேணுமோ?"

கடைசியில் எல்லா வரிக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுத் தந்தார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இதில எங்கட பிள்ளைக்கு எது?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்வதால் வெள்ளைக்காரரோடு பேசுவேன், ஆனால் இந்தப் பரிசுகளின் பெயர் ஒன்றும் எனக்குப் புரியாது. இப்படியான இடத்தில் படித்தவர்கள் யாராவது இருந்தால், இந்தப் பட்டியலில் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

ஓர்ஸ்ஹில் அக்கா:

தம்பி, நானும் திருமலைதான். மாசசூசெட்ஸில் இப்படியான ஒரு கொலிஜில் நாலு வருடம் படித்து வந்தவள், இப்போது கொழும்பில் வேலை. உங்கள் அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. அந்தக் கேள்வியோடு ஒவ்வொரு வரியையும் பார்ப்போம்.

முதலில் பெயர். லிபரல் ஆர்ட்ஸ் என்பது எங்கள் கலைப்பிரிவு இல்லை என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். உயிரியல், இரசாயனம், கணிதம், பொருளியல், இசை, மெய்யியல் எல்லாம் அதற்குள் அடக்கம். முதல் இரண்டு வருடமும் பல பாடங்களைத் தொட்டுப் பார்த்து, இரண்டாம் வருட முடிவில்தான் முதன்மைப் பாடத்தைச் சொல்ல வேண்டும். கொலிஜ் என்றால் அங்கே இளமாணிப் பட்டம் தருகிற இடம். பெரும்பாலும் முதுகலையும் கலாநிதிப் படிப்பும் இருக்காது.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் மட்டி வருகிறது. பெரிய பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியரின் ஆய்வு வேலையில் பெரும்பங்கைச் செய்வது கலாநிதி மாணவர்கள். சின்னக் கொலிஜில் அவர்கள் இல்லை. அதனால் ஆற்றில் இறங்குவதும், அளப்பதும், கணக்குப் பதிவதும் இளமாணிப் பிள்ளைகள்தான். அந்தத் தாளை மறுபடி எடுத்து, கட்டுரையில் பெயர்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று பாருங்கள். மாணவியின் பெயர் முதலில் நின்றால் வேலையின் பெரும்பகுதியை அந்தப் பிள்ளை செய்திருக்கிறாள் என்று அர்த்தம். உயிரியலில் வழக்கம் அப்படித்தான். பதினொரு பக்கத்தில் உங்கள் தங்கச்சிக்கு நெருக்கமான வரி அது.

ஃபுல்பிரைட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். வெளிநாட்டில் படிக்கவும் ஆய்வு செய்யவும் உதவித்தொகை தருகிற திட்டம் அது, 1946 இல் தொடங்கியது. அந்தப் பட்டியலில் வருவது அதன் அமெரிக்கருக்கான பகுதி, அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். இலங்கைப் பிள்ளை கொழும்பில் உள்ள ஃபுல்பிரைட் ஆணைக்குழு வழியாகத்தான் விண்ணப்பிக்கலாம், அதுவும் பட்டம் முடித்த பிறகு. கோல்ட்வோட்டர் விஞ்ஞானம் படிக்கும் மாணவருக்கான புலமைப்பரிசில். அதற்கும் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ வேண்டும். வொட்சன் அப்படியில்லை. 1968 இல் இருந்து, ஏறக்குறைய நாற்பது சின்னக் கொலிஜ்களின் கடைசி வருட மாணவருக்கு மட்டும் கொடுக்கிறார்கள், எந்த நாட்டுப் பிள்ளையும் கேட்கலாம். தான் எழுப்பிய ஒரு கேள்வியின் பின்னால் ஒரு வருடம் உலகம் சுற்ற வேண்டும். அந்த வருடம் அமெரிக்காவுக்கும் திரும்பக் கூடாது, சொந்த நாட்டுக்கும் திரும்பக் கூடாது. அந்த வரிக்கு அப்பா பச்சைப் பேனையால் ஒரு சரி போடலாம்.

பேராசிரியரின் புத்தகப் பரிசு உங்களுக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரியும். ஆனால் அந்த மனிதரே முதல் வருடப் பிள்ளைகளுக்கும் வகுப்பெடுப்பார். என்னுடைய முதல் வரலாற்று வகுப்பில் பதினாலு பேர், ஒரு நீண்ட மேசையைச் சுற்றி. இங்கே பழகின மாதிரி, நோட்ஸை மனப்பாடம் செய்து அழகாக ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒவ்வொரு பக்க ஓரத்திலும் பென்சில் எழுத்து. ஒரு வரிக்குப் பக்கத்தில், "இதைச் சொல்வது நீயா, புத்தகமா?" என்று இருந்தது. அன்றிரவு அறையில் அழுதேன். அதே தாளை மூன்று முறை திருத்தி எழுதவும் வைத்தார், ஒவ்வொரு முறையும் முழுதாக வாசித்தார். இன்றைக்கு நான் வேலைத்தலத்தில் ஓர் அறிக்கை எழுதினாலும் அந்தப் பென்சில் எழுத்து கண்ணுக்குள் வருகிறது. நாற்பது வயதை நெருங்கியும் அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆண்டறிக்கையில் அப்படியொரு தாளுக்கு இடமில்லை.

நீச்சல் அணியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கொலிஜ்களில் மிகப் பல தேசிய விளையாட்டுச் சங்கத்தின் மூன்றாம் பிரிவில் ஆடுபவை. அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கிடையாது. அணியில் இருப்பவர்கள் படிக்க வந்து, விரும்பி விளையாடுகிற பிள்ளைகள்.

பட்டியலில் இல்லாததைக் கேட்டு எழுதுங்கள். கோடைகால ஆய்வுக்கான உதவித்தொகை வெளிநாட்டு மாணவருக்கும் உண்டா? டிசம்பர் விடுமுறையில் விடுதி திறந்திருக்குமா? எங்கள் விடுதியைப் பூட்டினார்கள், யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நூலகத்தில் வேலை செய்த ஓர் அம்மா தன் வீட்டுக்குக் கூட்டிப்போனதால் தப்பினேன். வெளியில் பனி, கையில் ஒரு பெட்டி, அன்றைக்குத் திருமலை வெயிலை நினைத்த மாதிரி என்றைக்கும் நினைத்ததில்லை.

கணக்காளர்77:

அக்கா சொன்னது எல்லாம் சரி. நான் காசுப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

புதுக் கட்டடத்தை வைத்துக் கொலிஜ் உறுதியானது என்று முடிவெடுக்க வேண்டாம். அமெரிக்காவில் சின்னக் கொலிஜ்கள் மூடப்படுவது உண்மையாக நடக்கிற விஷயம். நியூயோர்க் மாநிலத்தில் 1868 இல் தொடங்கிய வெல்ஸ் கொலிஜ், 2024 ஏப்ரலில் அறிவித்து, அந்தத் தவணையோடு மூடிவிட்டது. வெர்மொண்டில் கிரீன் மவுண்டன் கொலிஜ் 2019 இல் மூடியது. பிள்ளை இரண்டாம் வருடத்தில் இருக்கும்போது அப்படி நடந்தால் வெளிநாட்டு மாணவருக்கு விசாச் சிக்கலும் சேர்ந்து வரும். அதனால் கொலிஜின் நிலையான நிதி (முதலீடு செய்து வைத்திருக்கிற சேமிப்பு) எவ்வளவு, கடந்த சில வருடங்களில் மாணவர் தொகை கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். இரண்டும் தேடினால் கிடைக்கும்.

புலமைப்பரிசில் கடிதத்தில் தங்குமிடமும் சாப்பாடும் மருத்துவக் காப்புறுதியும் அடங்குமா? வருடாவருடம் கட்டணம் கூடினால் உதவியும் கூடுமா? இதை எழுத்தில் வாங்குங்கள். மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம் வரை கொலிஜுக்குள் வேலை செய்யலாம். கைச்செலவுக்கு அது உதவும், கட்டணத்துக்கு அதை நம்ப வேண்டாம்.

அப்புறம் ஒன்று. திரும்பி வந்து இங்கே அரச வேலைக்குப் போக நினைத்தால், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அந்தப் பட்டத்தை ஏற்குமா என்று இப்போதே பாருங்கள். அவர்கள் ஏற்கிற சர்வதேசப் பல்கலைக்கழகப் பட்டியலில் கொலிஜின் பெயர் இருக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ரீச்சர்:

மகன், அப்பாவுக்கு ஒரு பழைய கதை சொல்லுங்கள், 'கொலிஜ்' என்ற சொல்லின் பயம் போய்விடும்.

1806 இல் மாசசூசெட்ஸில் வில்லியம்ஸ் கொலிஜில் சில மாணவர்கள் வைக்கோற்போர் ஒன்றின் கீழ் மழைக்கு ஒதுங்கிப் பிரார்த்தித்தார்கள். அதில் இருந்து வளர்ந்ததுதான் 1816 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன். 1823 இல் வட்டுக்கோட்டையில் அவர்கள் தொடங்கிய செமினரி என்ற உயர்கல்விக்கூடத்துக்கு முதல் அதிபர் டானியல் பூர், டார்ட்மவுத் கொலிஜில் படித்தவர். டார்ட்மவுத் இன்றும் தன்னைக் கொலிஜ் என்றே சொல்லிக்கொள்கிறது. 1862 இல் வெளிவந்த பெரிய தமிழ் - ஆங்கில அகராதியைத் தொகுத்த வின்ஸ்லோ, மிடில்பரி என்ற சின்னக் கொலிஜின் பிள்ளை. வட்டுக்கோட்டையையும் கொலிஜாகவே நடத்தத்தான் விரும்பினார்கள், அரசு அனுமதி கொடுக்கவில்லை, அதனால் செமினரி என்ற பெயரோடு நடந்தது. அங்கே தமிழ் இலக்கியமும் கணிதமும் வானியலும் மெய்யியலும் ஒரே பிள்ளை படித்தான். உங்கள் தங்கச்சி போகிற இடத்தின் முறையும் அதுதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையில் படித்த எங்கள் ஆட்கள். ஒருவர் சி. வை. தாமோதரம்பிள்ளை. கணக்கும் படித்து, சட்டமும் படித்து, பிறகு கலித்தொகையை ஏட்டில் இருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர். பலதும் படித்த பிள்ளை வீணாகப் போவதில்லை என்று நான் வகுப்பில் சொல்லும் பெயர் அவருடையதுதான்.

மட்டியை எண்ணுவதா என்று அப்பா கேட்டாரே. எங்கள் தம்பலகாமக் குடாவில் கண்ணாடி மாதிரி மெல்லிய, தட்டையான ஒரு சிப்பி இருக்கிறது. அதில் இருந்து முன்பு முத்தெடுத்தார்கள். அதை 1850 களில் கெலார்ட் என்ற வைத்தியர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னரே எங்கள் மாவட்டத்துச் சிப்பியை ஒருவர் இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்கிறார்.

உப்புவெளியான்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் பதில்களை வீட்டில் சத்தமாக வாசித்தேன்.

கணக்காளர் அண்ணாவின் கேள்விகளை எழுதி அனுப்பிவிட்டோம். தங்குமிடமும் சாப்பாடும் அடங்கும், காப்புறுதி அடங்காது. அதைச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். டிசம்பரில் விடுதி ஒன்று திறந்திருக்குமாம், முன்கூட்டிப் பெயர் கொடுக்க வேண்டும். அக்காவுக்கு இதற்காகவே தனி நன்றி.

கட்டுரையில் முதலில் நிற்பது மாணவியின் பெயர்தான். அதைக் காட்டியதும் தங்கச்சி உள்ளே போய்த் தன் கொப்பியை எடுத்துவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வட அமெரிக்காவில் நன்னீர் மட்டியில் ஏறக்குறைய 300 இனம் இருக்கிறதாம், பெரும்பாலானவை அழிந்துகொண்டு வருகின்றனவாம். மட்டிக் குஞ்சுகள் மீனின் செவுளில் ஒட்டிக்கொண்டுதான் கொஞ்ச நாள் வளருமாம். அணைக்கட்டு கட்டி மீன் வராமல் போனால், அந்த மட்டியும் அந்த இடத்தில் இல்லாமல் போகும். இதைப் படம் கீறிக் காட்டினாள். அப்பா இவ்வளவு நாளும் எத்தனை ஆயிரம் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்திருப்பார். "செவுளிலயோ?" என்று கேட்டுவிட்டு, கொப்பியை விளக்குக்குக் கிட்டப் பிடித்துக் கன நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவள் அந்தப் பேராசிரியருக்கே மின்னஞ்சல் எழுதினாள். ரீச்சர் சொன்ன தம்பலகாமச் சிப்பியையும் சேர்த்து எழுதினாள். காலையில் பதில் வந்திருந்தது. முடிந்தால் ஓட்டின் படம் ஒன்று அனுப்பச் சொல்லியிருக்கிறார், உள்பக்கமும் வெளிப்பக்கமும், பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து.

அப்பாவுக்கு, தம்பலகாமக் குடாவுக்குப் பக்கத்தில் உள்ள கிண்ணியாவில் தெரிந்த ஆள் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போகிறார்கள்.