பாலக்காட்டில் நம்ம ஆட்கள் சாயங்காலம் எங்கே போகிறீர்கள்?

கஞ்சிக்கோடு_ஷிப்ட்:
வேலைக்காகக் கோவையிலிருந்து இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. நான் கே (gay), ஆண்களை விரும்புகிற ஆண். கம்பெனியில் யாருக்கும் தெரியாது, ரூமில் கூட இருப்பவனுக்கும் தெரியாது. நம்ம ஆட்களுக்கான டேட்டிங் ஆப்பான கிரைண்டரை (Grindr) திறந்தால் பக்கத்தில் நாலு பேர், அதிலும் முகம் கிடையாது, எல்லாம் கழுத்துக்குக் கீழேதான். அதற்கப்புறம் நேராக முப்பது, நாற்பது கிலோமீட்டர், அதாவது வாளையாருக்கு அந்தப் பக்கம். வருகிற முதல் மெசேஜே 'இடம் இருக்கா'. எனக்கு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு பேச ஆள் வேண்டும். பார், கிளப் மாதிரி இங்கே ஏதாவது உண்டா? இல்லை, பெங்களூருக்கே மாற்றல் கேட்கட்டுமா?

ஒலவக்கோடு_பழசு:
தம்பி, நமக்கென்று பார் ஒன்றும் இங்கே கிடையாது. இருக்கிற பாருக்குப் போனால் பக்கத்து மேஜையில் உன் சூப்பர்வைசர் இருப்பார். எங்களுக்குக் கோட்டை மைதானம்தான். 2009இல் ஒரே பாலினத்தார் உறவு குற்றமில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த அன்று ஆறேழு பேர் கடலைப் பொட்டலத்தோடு அங்கே உட்கார்ந்து ராத்திரி வரை சிரித்துக்கொண்டே இருந்தோம். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைக் குற்றமாக்கும் 377ஆவது சட்டப் பிரிவைத் திரும்பக் கொண்டுவந்ததும் இரண்டு பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். 2018இல் அதே நீதிமன்றம் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னதற்கு அப்புறம் ஒருவர் திரும்பி வந்தார், இன்னொருவருக்கு அதற்குள் கல்யாணமாகிக் குழந்தையும் இருந்தது.

இப்போது மாதம் ஒரு ஞாயிறு ஒருவருடைய மாடி போர்ஷனில் சேர்கிறோம். கீழே இருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் சீட்டு நடத்துகிறோம் என்று சொல்லிவைத்தோம். போன மாதம் அவர் மாடியேறி வந்து, "எனக்கும் ஒரு சீட்டு போடுங்கோ" என்று நிற்கிறார், என்ன சொல்ல!

சித்தூர்க்காரி:
(இது பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திராவுக்குப் போய்விடாதீர்கள்.) பையன்களுக்காவது ஆப்பில் நாலு கழுத்து தெரிகிறது, எங்களுக்கு அதுவும் இல்லை. எட்டு மணிக்கு மேல் மைதானத்தில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தால் போகிறவன் வருகிறவனெல்லாம் "எந்தா இவிடே" என்பான். நான் திருச்சூர் பஸ் ஏறிவிடுவேன். லெஸ்பியன், பைசெக்சுவல் பெண்களுக்காக அங்கே சகயாத்திரிகா என்ற அமைப்பு இருக்கிறது, முதலில் போனில் பேசிவிட்டுத்தான் போனேன். கேரளாவின் முதல் குயர் பிரைடு, அதாவது நம்ம ஆட்களின் ஊர்வலம், 2010இல் நடந்ததும் திருச்சூரில்தான், இப்போது ஊர் மாற்றி மாற்றி நடத்துகிறார்கள். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் கூட்டத்தோடு கூட்டமாக என் ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடப்பேன்.

வாளையார்_காற்று:
மாற்றல் கேட்பது உங்கள் இஷ்டம். நான் பெங்களூரில் மூன்று வருஷம் இருந்தேன், பார்ட்டி உண்டுதான், ஆனால் என்ட்ரி, ஆட்டோ என்று ஒரு ராத்திரிக்குச் செலவழித்ததில் இங்கே பத்து நாள் சாப்பிடலாம், அந்தச் சத்தத்தில் யாரோடும் பேசவும் முடியாது. இங்கே இருப்பதாக இருந்தால் முதலில் ஆப்பில் தூரம் காட்டுவதை அணைத்து வையுங்கள், சின்ன ஊரில் 'இருநூறு மீட்டர்' என்றாலே எந்த வீடு என்று தெரிந்துவிடும். லாட்ஜுக்கு வா என்று முதல் தடவையே கூப்பிடுகிறவனிடம் போகவே வேண்டாம். எனக்கு நடந்திருக்கிறது: உள்ளே போனால் மூன்று பேர், போனையும் ஏழாயிரம் ரூபாயையும் பிடுங்கிக்கொண்டு, வீட்டு நம்பருக்குப் போட்டோ அனுப்புவோம் என்றார்கள். நாம் போலீஸுக்குப் போகமாட்டோம் என்ற தைரியத்தில்தான் அவர்கள் பிழைப்பே ஓடுகிறது.

கஞ்சிக்கோடு_ஷிப்ட்:
எல்லோருக்கும் நன்றி. தூரத்தை இப்போதே அணைத்துவிட்டேன். பழசு அண்ணா, சீட்டு எவ்வளவு?

ஒலவக்கோடு_பழசு:
ஆளுக்கு நூறு ரூபாய், பிரியாணிக்கு. ஆனால் முதல் தடவை மைதானத்தில் டீதான், மாடியெல்லாம் அப்புறம்.