குடும்ப குரூப்பில் ஒரு மன்றாட்டு

டிசம்பர் 18, இரவு 10:31

ஜெனி (துபாய்): யாராவது முழிச்சிருக்கீங்களா? அவசரம். 24 ராத்திரி பூசைல மன்றாட்டு பாஷைக்கு ஒண்ணு வாசிக்கணும். அரபி, மலையாளம், கொங்கணி, தகலாக், தமிழ். தமிழுக்கு நான். இருபது செகண்டுதான் தருவாங்க. என்ன சொல்லட்டும்?

அம்மா: சேலை கட்டிட்டுப் போ மக்ளே

ஜெனி (துபாய்): அம்மா நான் அதக் கேக்கல 😭

பெரியப்பா: "அன்பே உருவான இறைவா! உமது திருமகனின் பிறப்புப் பெருவிழாவைக் கொண்டாடும் இந்நன்னாளிலே, திருஅவையை வழிநடத்தும் எம் திருத்தந்தை, ஆயர்கள், குருக்கள், துறவியர், பொதுநிலையினர்..."

டோனி: பெரியப்பா பூசைய முழுசா எழுதிட்டாரு 🤣

பெரியப்பா: முப்பது வருசம் உபதேசியாரா இருந்தவன்டா நான்.

அம்மா: சாப்பிட்டியா? அங்க ஒம்பது மணிதானே

ஜெனி (துபாய்): ஆச்சும்மா. ரூம் அக்காகூட பிலிப்பினோக்காரங்க பூசைக்குப் போனேன். கிறிஸ்மஸுக்கு முந்தி ஒம்பது நாள் பூசை, அதுக்குப் பேரு சிம்பாங் காபி. அவங்க ஊர்ல 16லேர்ந்து விடியக்காலம், வயலுக்குப் போறதுக்கு முன்னாடியே பூசை முடிஞ்சிரும். இங்க எல்லாருக்கும் ட்யூட்டி, அதான் ராத்திரி. முடிஞ்சதும் பூத்தோ பும்போங் குடுத்தாங்க. மூங்கில் குழாய்ல அரிசி மாவ வேகவச்சு, மேல தேங்காப்பூவும் சர்க்கரையும். ஊதாக் கலர்.

டோனி: அது குழாப்புட்டுல்லா!!

பெரியப்பா: கிறிஸ்மஸுக்கு முந்தின திருவருகைக் காலத்துக்கு ஊதா பொருத்தம்தான்.

ஜெனி (துபாய்): அக்கா இன்னிக்கு சரியாப் பேசல. 2021ல அவங்களுக்குப் புயல் வந்தது டிசம்பர் 16. ஒம்பது நாள் பூசை தொடங்குற அன்னிக்கே. வீட்டுக் கூரை போயிட்டாம். அம்மாகிட்ட போன்ல பேச அஞ்சு நாள் ஆச்சாம். அதக் கேட்டதுலேர்ந்து கடலுக்குப் போறவங்களுக்காகவே வேண்டலாமான்னு தோணுது.

டோனி: சொல்லு. ஒக்கிப் புயல் வந்த வருசம் நம்ம தெருவுல ஒரு ஸ்டாரும் போடல. 2017. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அம்மா: 2004ல கிறிஸ்மஸுக்கு மறுநாளே சுனாமி. குடில்ல வச்ச வைக்கோலக்கூட எடுக்கல

பெரியப்பா: அப்போ சுருக்கமா: "கடலில் இறந்தோர் அனைவருக்கும் நித்திய இளைப்பாற்றியைத் தந்தருள வேண்டுமென்று, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

ஜெனி (துபாய்): 👍 இது சரியா இருக்கு

சின்னத்துறை அத்தை: *இந்த மெசேஜ் நீக்கப்பட்டது*

சின்னத்துறை அத்தை: இறந்தோர்னு போடாதீங்க அண்ணே

பெரியப்பா: ...

சின்னத்துறை அத்தை: எங்க தெருவுல ஒருத்தி இன்னும் அவ மாப்பிள சட்டைய துவச்சு மடிச்சு வைக்கிறா. ஒடம்பு கெடைக்கலல்லா. கரைக்கு வரலன்னு சொன்னா அவளுக்கும் சேரும்

(இருபது நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை.)

பெரியப்பா: மாத்திட்டேன். "கடலுக்குச் சென்று இன்னும் கரை திரும்பாதவர்களையும், வாசலில் காத்திருக்கும் அவர்கள் வீட்டாரையும் உமது கரங்களில் ஒப்படைத்து, இறைவா உம்மை மன்றாடுகிறோம்."

ஜெனி (துபாய்): 🎤 0:17

டோனி: மூணு செகண்ட் மிச்சம்

அம்மா: நீ "கரை"ன்னு சொல்றப்ப வல்லின ற வருது. இன்னொரு தடவ சொல்லு

ஜெனி (துபாய்): 🎤 0:18

அம்மா: இப்ப சரி

ஜெனி (துபாய்): ரூம் அக்கா அர்த்தம் கேட்டாங்க. சொன்னேன். எந்திரிச்சு டீ போடப் போயிட்டாங்க.

சின்னத்துறை அத்தை: ஊர்லேர்ந்து வந்த முந்திரிக்கொத்து மிச்சம் இருந்தா டீயோட குடு

ஜெனி (துபாய்): நாலு இருக்கு அத்தை

சின்னத்துறை அத்தை: அந்த ஊதாப் புட்டுக்கு அவங்க பயறு போடுவாங்களா?

ஜெனி (துபாய்): இல்ல அத்தை, வெண்ணெய்.

சின்னத்துறை அத்தை: வெண்ணெயா? புட்டுக்கா?